மூக்கு குத்தாத மாடு

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஸ்தனிஸ்லாஸ் தருமபுரி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன மூன்று மூட்டைச் சாமந்தியும் அப்படியே திரும்பி வந்தன. மண்டிக்காரர் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பூவைத் தரையில் உதறிவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தார்.

“இதை எங்க வெச்சிருந்த?”

“வூட்டுலதாங்க. கொட்டாயில.”

“கொட்டாயில பூ மட்டுந்தான் இருந்துதா, பக்கத்துல ஏதாச்சும் செத்துக் கெடந்துதா?”

அடுத்த கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “எழவு மாலைக்குப் போட்டுக்கலாம்ணா. வாசம் பொருத்தமா இருக்கும்.”

ஸ்தனிஸ்லாஸ் ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்தார். மூன்று நாளாக அந்த நாற்றத்துக்குள்ளேயே இருந்தவருக்கு, அது பூவிலும் ஏறியிருந்தது தெரியவில்லை. மூட்டைகளைத் திரும்ப டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு இண்டூர் வழியாகக் குள்ளேனஅள்ளிக்குக் கிளம்பினார். இரண்டு மணி நேரம் டவுன் காற்றில் நின்றதில் மூக்கு கொஞ்சம் தேறியிருந்தது. ஏரிக்கரை வளைவுக்கு அரை கிலோமீட்டர் முன்பே நாற்றம் வந்து பிடித்துக்கொண்டது. துண்டை எடுத்து முகத்தில் கட்டினார். துண்டிலும் அதே நாற்றம்தான்.

ஐப்பசி மழையில் ஓடை பெருகி, பல வருடங்களுக்குப் பிறகு ஏரி நிறைந்திருந்தது. நிறைந்தால் தண்ணீர் ஸ்தனிஸ்லாஸின் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தின் கீழ்மூலைக்குள்ளும் ஏறும். பட்டா நிலம்தான், எல்லைக் கல் இப்போது முழங்கால் தண்ணீரில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் முன் மோட்டார் போடப் போன அவர் மனைவி ராஜமேரி, கல்லுக்கு இந்தப் பக்கம், கிணற்றிலிருந்து பத்தடி தூரத்தில், கறுப்பாக ஏதோ தரைதட்டி நிற்பதைப் பார்த்தாள். யார் வீட்டு மாடியிலிருந்தோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று அடித்து வந்திருக்கிறது என்று நினைத்தாள். நல்லதாக இருந்தால் நாமே வைத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கிட்டப் போனபோது தொட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு கால் விறைத்து மேலே நீண்டிருந்தது.

மாடு என்பது குளம்பில் தெரிந்தது. காளை என்பதும் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியவில்லை. வயிறு உப்பி, கால்களை நாலு பக்கமும் தள்ளியிருந்தது. மயிர் முழுக்கக் கழன்றுபோய், தோல் ஓரிடத்தில் வெளுத்தும் ஓரிடத்தில் நீலம் பாரித்தும் ஓரிடத்தில் பச்சையாகவும் கிடந்தது. வெள்ளையா, செவலையா, மயிலையா என்று சொல்ல ஒரு மயிர் மிச்சமில்லை. கொம்புகளின் மேலோடு கழன்று விழுந்து, உள்ளே இருந்த மொட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. காதுகளை நாய்கள் தின்றிருந்தன. மேல்பக்கக் கண்ணைக் காக்கைகள் கொத்திவிட்டன. மூஞ்சியின் முன்பகுதி மட்டும் சேற்றில் புதைந்திருந்ததால் தப்பியிருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து அவ்வப்போது நீளமாக ஒரு காற்று வெளியேறும். அப்போது சுற்றியிருக்கும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் அசைந்து விரியும். பின்பக்கத் துவாரத்தில் புழுக்கள் அரிசி கொதிப்பதுபோலக் கொதித்தன.

திங்கட்கிழமை ஸ்தனிஸ்லாஸ் மூங்கில் கழியால் அதை ஏரிப் பக்கம் தள்ளிப் பார்த்தார். கழி தோலுக்குள் இறங்கியது. இழுத்தபோது ஒரு முழத் தோல் கழியோடு சுற்றிக்கொண்டு வந்தது. பின்னங்காலைப் பிடித்துத் தள்ளலாம் என்று சாக்கைச் சுற்றிக் கை வைத்தார். கால் மூட்டோடு அசைந்தது. எப்படியோ ஐந்தடி தள்ளினார். மதியம் காற்று திரும்பியதும் அது பழைய இடத்துக்கே வந்து நின்றது.

பூப் பறிக்க வரும் மாதம்மாளும் நான்கு பெண்களும் அன்று காலை வரப்பு வரை வந்தார்கள். ஒருத்தி அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

“நான் எப்பிடியோ பறிச்சிட்டேன் மூணு மூட்ட. நீங்களும் ஒரு மணி நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டு...” என்று ராஜமேரி இழுத்தாள்.

“பூவு உங்கூட்டுது அக்கா, கொடலு எங்கூட்டுது,” என்றாள் மாதம்மாள். “அதை எடுத்துட்டு போன் பண்ணு. ஓடியாறோம்.”

வீட்டில் சோறு இறங்கவில்லை. ராஜமேரி வைத்த ரசத்தில் அது இருந்தது. மோரில் இருந்தது. தலையணை உறையில் இருந்தது. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயிருக்கும் மகன் மரிய ஆனந்த் போனில், “அம்மா, கெணத்துத் தண்ணிய குடிக்காதீங்க, கேன் தண்ணி வாங்குங்க,” என்றான். கேன் தண்ணீர் குடிக்கலாம். சாமந்திக்குப் பாய்ச்ச முடியாது. அந்த ஒரு கிணறுதான் வீட்டுக்கும் நிலத்துக்கும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். “யார் மாடுன்னு படத்த வெச்சு நான் எப்பிடிங்க சொல்றது? ஆழமாப் பொதைச்சு சுண்ணாம்பு போடுங்க. கெணத்துக்குக் கிட்டப் பொதைச்சிடாதீங்க,” என்று அவர் குரல் பதிவு வந்தது.

புதைக்க முதலில் அதை இழுக்க வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர் பக்கத்து நிலத்து அர்ச்சுனன். செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்த ஸ்தனிஸ்லாஸ் மூட்டைகளை இறக்காமலே அவர் வீட்டுக்குப் போனார். ராஜமேரியும் கூடப் போனாள்.

“சங்கிலி போட்டு இழுத்து அந்தாண்ட பொறம்போக்குல தள்ளிடலாங்ண்ணா. பத்து நிமிசம்.”

“இழுக்கலாம்ப்பா. எதை இழுக்கறோம்னு தெரியணுமில்ல.”

“செத்த மாடுங்ண்ணா.”

“எந்த மாடு?” என்றார் அர்ச்சுனன்.

அதுதான் மூன்று நாளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. வேடியப்பன் கோயில் மாட்டைக் காணோம். ஓடை பெருகிய இரவிலிருந்து ஒன்பது நாளாகக் காணோம். மூன்று ஊருக்கும் பொதுவான மாடு அது. கன்றாக இருந்தபோதே சாமிக்கு விட்டது. ஏர் பூட்டக் கூடாது, கோல் எடுத்து அடிக்கக் கூடாது, மூக்கு குத்திக் கயிறு போடக் கூடாது. யார் கொல்லையிலும் இறங்கி மேயும். ஸ்தனிஸ்லாஸின் சாமந்திப் பாத்தியில் வாரத்துக்கு இரண்டு முறை படுத்துப் புரளும். அவரும், “போ சாமி, அந்தப் பக்கம் போ சாமி,” என்று துண்டை வீசி விரட்டுவாரே தவிர ஒரு மண்ணாங்கட்டி எடுத்து எறிந்ததில்லை.

ஆனால் ஓடையில் வேறு மாடுகளும் வரும். மேலே பெரிய ரோட்டுப் பாலத்தில், கேரளச் சந்தைக்கு மாடு ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள், வழியில் செத்ததை இரவோடிரவாகத் தள்ளிவிட்டுப் போவதுண்டு.

“சாமிமாட்டுக் கழுத்துல சங்கிலி போட்டு இழுத்தேன்னு வெய்யி, நாளைக்கு எம் பேரன் பேத்திக்கு ஒரு சொரம் வந்தாக்கூட எம் பொண்டாட்டி என்னத்தான் சொல்லுவா,” என்றார் அர்ச்சுனன். “சாமிமாடுதான்னு முடிவாயிட்டா ஊரே வந்துடும். நீ வேல செய்யவே வேண்டாம். கோடித்துணி, மேளம், பதினோராம் நாளு கருமாதின்னு மனுசனுக்குப் பண்றாப்பல பண்ணுவாங்க.”

“அப்ப சாமிமாடா இருந்தா நல்லதுதான,” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அர்ச்சுனன் அவரைப் பார்த்தார். பிறகு ராஜமேரியைப் பார்த்தார். “எங்க பொதைப்பாங்கன்னு நெனைக்கற?”

அர்ச்சுனன் தன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“எம் மேட்டுக்காட்டுல இரும்பு கேட்டு போட்ட எடம் இருக்குதே, அது என்னன்னு தெரியுமில்ல உனக்கு? இதுக்கு முந்தின மாடு. எங்க அவரக் கொடியில படுத்து உயிர உட்டுது. விழுந்த எடத்துலயே பொதைக்கணும், அதான் மொற. எங்கப்பாவே மொதக் கல்லத் தூக்கிக் குடுத்தாரு, அம்புட்டு சந்தோசம். ரெண்டு சென்ட்டுன்னாங்க. மறுவருசம் ஒரு வேப்பங்கன்னு. அப்பறம் தகரக் கொட்டாய். அப்பறம் பொங்க வெக்க எடம் பத்தலன்னு சுத்தி சிமிட்டி. சாமி வர்றதுக்கு தடம் வேணும்னு காட்டுக்கு நடுவுல ஒரு வழி. இப்ப அந்தப் பக்கம் செருப்பு போட்டுட்டுப் போவ முடியாது. ஏரு ஓட்ட முடியாது. தூரம் ஆன பொம்பளயாளு களை எடுக்க வர முடியாது. நான் யாருகிட்டப் போயி கேக்கறது? நானும்தான் கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கறேன்.”

“அதுதான் தண்ணியில வந்துதே. விழுந்த எடம் எதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் ராஜமேரி.

“அதுக்கும் ஒரு பேச்சு வெச்சிருப்பாங்க, பாரு,” என்றார் அர்ச்சுனன்.

வைத்திருந்தார்கள். அன்று மாலை நாலு மணிக்கு ஏரிக்கரை மேல் முப்பது பேர் கூடினார்கள். எல்லோரும் காற்று வரும் பக்கமாக நின்று, மூக்கில் துணியை வைத்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கும் நஞ்சப்பன் மட்டும் துணி வைக்கவில்லை. அறுபது வயது. நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியும் வைத்திருந்தார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

குரு என்ற இளைஞன், இண்டூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன், போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். திரையில் கோயில் மாட்டின் பழைய படம், நெற்றியில் குங்குமத்தோடு. மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே மூன்று ஊர் இளைஞர்களின் முகங்கள் வரிசையாக. மாட்டின் முகத்தைவிடக் குருவின் முகம் பெரிதாக இருந்தது.

“பத்துக்கு எட்டு. ரெடி. நீங்க ஓகேன்னா பிரிண்டுக்குப் போயிடும்,” என்றான்.

“மாடு யாருதுன்னே தெரியல, அதுக்குள்ள நீ மாலை போட்டுட்ட,” என்றார் ஒருவர்.

“இதைப் பாத்தாத் தெரியலயா? என்னா திமிலு பாருங்க.”

“அது திமிலா? உப்பிக் கெடக்குது. என்னக் கொண்டுபோயி ஒம்போது நாளு தண்ணியில போட்டா எனக்கும் வரும் திமிலு.”

சிலர் சிரித்தார்கள். சிரிக்க வாயைத் திறந்தவர்கள் உடனே மூடிக்கொண்டார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் நஞ்சப்பனுக்கு எதிரே போய் நின்றார். “சாமிமாடாவே இருக்கட்டுங்ண்ணா. கோயில் பக்கம் கொண்டுபோயி நல்ல எடமாப் பாத்து அடக்கம் பண்ணிடலாங்களே. இங்க கெணறு பத்தடியில இருக்குது.”

“முன்ன பின்ன அப்பிடி செஞ்சதில்லயேப்பா.”

“தண்ணி அடிச்சிக்கிட்டு வந்ததுங்ண்ணா. அது படுத்த எடம் இது இல்லீங்களே.”

நஞ்சப்பன் யோசித்துத்தான் பேசினார். குரலில் மிரட்டல் இல்லை. “இத்தன பெரிய ஏரி. எத்தினி கரை இருக்குது. தள்ளி உட்டும் திரும்ப அங்கியே வந்துச்சின்னு நீதான சொன்ன? அது கேக்கற எடம் அதுதான்னு நாலு பேரு சொன்னா நான் இல்லன்னு சொல்ல முடியுமா? உன் நெலத்த யாரு கேட்டாங்க? ரெண்டு சென்ட்டு. அதும் மூலையில.”

“அந்த மூலையிலதாங்க கெணறு.”

“மொதல்ல அதுதானான்னு பாப்போம்,” என்றார் நஞ்சப்பன். “மூக்கப் பாத்தாத் தெரிஞ்சிடும். ஓட்டை இருந்தா ஏதோ ஒரு மாடு. ஓட்டை இல்லன்னா நம்ம சாமி. இந்தப் பக்கம் மூக்கு குத்தாத எருது வேற எங்க இருக்குது? இன்னைக்கி செவ்வாக்கெழம, வேண்டாம். நாளைக்கிப் பத்து மணிக்கி நானே பாக்கறேன்.”

அவர் அதைச் சொன்னபோது சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவர் மகள் கோகிலவாணிக்கு வெள்ளிக்கிழமை தருமபுரி மண்டபத்தில் கல்யாணம். கோயில் மாடு செத்தால், பொங்கல் கழிந்து அடுத்த கன்று விடும்வரை மூன்று ஊரிலும் நல்ல காரியம் கிடையாது. கரைமேல் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆகவே யாரும் அதைப் பேசவில்லை.

அன்று மாலை ராஜமேரி அடுப்பு பற்றவைக்கவில்லை. இண்டூரிலிருந்து வாங்கி வந்த பன் பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் ஒன்றைப் பிய்த்து, வாயருகே கொண்டுபோய், திரும்ப வைத்தார்.

“அது சாமிமாடுதான் மேரி,” என்றார். “முன்னங்கால் ரெண்டும் கொஞ்சம் உள்வாங்கி நிக்கும் அதுக்கு. இதுக்கும் அப்பிடித்தான் இருக்குது. சாமந்தி போட்ட ஆறு வருசமா தொரத்தியிருக்கறேன், தெரியாதா?”

“வெளிய சொல்லாதீங்க.”

“நான் சொல்லலன்னா மட்டும்? நாளைக்கி மூக்கப் பாத்தாத் தெரிஞ்சிடப் போவுது.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா என்ன பண்றது. ஊருல இருக்கணுமில்ல. மரியாதையா ரெண்டு சென்ட்ட உட்டுடறது. கெணத்த அந்த மேல்மூலையில புதுசாத் தோண்டறது.”

“மேல்மூல பாறை. உங்கப்பாரு ரெண்டு தடவ தோண்டிப் பாத்து உட்டதுதான?”

காற்று திரும்பி ஜன்னல் வழியாக வந்தது. ஸ்தனிஸ்லாஸ் எழுந்து போய் வாசலில் ஓங்கரித்தார். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் சத்தம்தான் வந்தது.

காலையில் அவர் சுண்ணாம்புத் தூள் வாங்க இண்டூருக்குப் போனார். புதைப்பது யாராக இருந்தாலும் சுண்ணாம்பு வேண்டும் என்பது அவர் நினைப்பு. டிவிஎஸ் சத்தம் ஓய்ந்ததும் ராஜமேரி கொட்டாயில் மூட்டை தைக்கும் கோணி ஊசியை எடுத்தாள். விரல் தடிமன் நைலான் கயிற்றில் ஒரு முழம் அறுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கினாள். பனி இன்னும் விலகவில்லை. நாய்கள் இரண்டு அவளைக் கண்டு நகர்ந்து, பத்தடி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தன.

தலையைத் திருப்பப் பார்த்தாள். கொம்பு எலும்பைப் பிடித்து இழுத்தபோது கை வழுக்கியது. இரண்டாம் முறை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி நெம்பினாள். மூஞ்சி சேற்றிலிருந்து ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. அடியில் இருந்த சேறு கறுப்பு எண்ணெயாக எழும்பி அவள் முழங்காலைச் சுற்றியது. உதடு சுருங்கிப் பற்கள் முழுக்கத் தெரிந்தன. மூக்கிலிருந்து தண்ணீரும் தண்ணீரல்லாத ஒன்றும் ஒழுகின.

முதலில் பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள். லாரி மாடாக இருந்து, ஓட்டை ஏற்கெனவே இருந்துவிட்டால் இந்தப் பாவம் வேண்டாம். வலது கைக் கட்டைவிரலை ஒரு நாசியிலும் ஆள்காட்டி விரலை இன்னொன்றிலும் விட்டாள். உள்ளே குளிர்ச்சியாகவும் கொழகொழவென்றும் இருந்தது. ஏதோ அசைந்து விரல் மேல் ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. நடுச்சுவரை இரண்டு விரலாலும் பிடித்து, மேலிருந்து கீழ்வரை தடவினாள். முழுசாக இருந்தது. ஓட்டை இல்லை.

“சேசுவே,” என்றாள். வேண்டியதா, வைததா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஊசி எளிதாக இறங்கியது. அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. உயிருள்ள கன்றுக்கு மூக்கு குத்துவதை அவள் பார்த்திருக்கிறாள். நாலு ஆள் அமுக்கிப் பிடிக்க வேண்டும், கன்று கத்தும். இது பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல இறங்கியது. நைலான் கயிற்றின் நுனியைப் பிரித்து ஒரு புரியை ஊசியில் கோத்து இழுத்து, முன்னும் பின்னுமாக நாலைந்து முறை உருவினாள். கயிறு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சதையோடு வந்தது. விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் கயிற்றை உருவி எடுத்தாள். ஓட்டையைச் சுற்றிச் சேற்றைக் குழைத்துப் பூசினாள். தலையை முன்போலக் கவிழ்த்தாள். கரையேறிய பிறகுதான் வாந்தி வந்தது. கயிற்றையும் துண்டையும் அடுப்பில் போட்டு எரித்தாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். புளி போட்டுத் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். நகக்கண்ணில் அது இருந்தது.

பத்து மணிக்கு ஊர் வந்தது. இந்த முறை மேளக்காரர்கள் இருவரும் வந்து, கரையில் பறையைச் சாய்த்து வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள். குரு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நஞ்சப்பன் குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அர்ச்சுனன் கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பிக் கொடுத்தார்.

நஞ்சப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு விரலை விட்டார்.

வெகு நேரம் அப்படியே குனிந்து நின்றார். ராஜமேரி கிணற்று மேட்டில் நின்றாள். தன் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நஞ்சப்பனின் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒரு முறை நிமிர்ந்து, திரும்பவும் குனிந்தது.

“என்னாச்சிங்க?” என்று குரு கத்தினான்.

நஞ்சப்பன் கையை வெளியே எடுத்தார். “ஓட்டை இருக்குது,” என்றார்.

கரைமேல் சத்தம் எழுந்தது. யாரோ, “நாந்தான் சொன்னேனே, லாரி மாடுன்னு,” என்றார்கள். மேளக்காரர்களில் ஒருவன் பீடியை அணைத்துக் காதில் செருகினான்.

“அண்ணா,” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “இன்னொருக்கா நல்லாப் பாருங்ண்ணா. அந்த முன்னங்காலு...”

“பாத்தவரு அவரு,” என்றாள் ராஜமேரி கிணற்று மேட்டிலிருந்து. “உங்களுக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?”

நஞ்சப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு ஸ்தனிஸ்லாஸிடம், “வேணும்னா நீயே உட்டுப் பாருப்பா,” என்றார். ஸ்தனிஸ்லாஸ் அந்த மூஞ்சியைப் பார்த்து, ஓரடி பின்னால் போனார்.

“அப்ப நம்ம சாமி உசுரோட இருக்குது. ஸ்டேட்டஸ மாத்திடறேன்,” என்றான் குரு. அஞ்சலி ஃபிளெக்ஸ் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. “காணவில்லைன்னு ஒண்ணு அடிக்கலாமா? அதே படத்தப் போட்டுக்கலாம்.”

ஏதோ ஒரு மாடு என்று ஆனதும் வேலை சுருக்காக நடந்தது. அர்ச்சுனன் டிராக்டர் கொண்டுவந்தார். நேற்றுவரை கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களே இப்போது யோசனை சொன்னார்கள். கழுத்தில் போடு, கழுத்து அறுந்துடும், பின்னங்காலில் போடு. சங்கிலி இறுகியபோது ஒரு கால் தொடையோடு கழன்று தனியாக வந்தது. கூட்டம் ஓவென்று பின்வாங்கிச் சிரித்தது. வயிறு ஒரு கல்லில் தட்டி உடைந்தது. அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க யாரும் நிற்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, டிராக்டரின் பின்னால், அது விட்டுப்போன தடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார். எல்லைக் கல்லைத் தாண்டி, நிலத்துக்கு வெளியே, புறம்போக்கு மேட்டை நோக்கி வண்டி போனது.

நஞ்சப்பன் டிராக்டர் போன பக்கம் பார்க்கவில்லை. வலது கையை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு ராஜமேரியின் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது. கைப்பிடியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது.

“கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா.”

அவள் கேன் தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஊற்றினாள். சோப்பு கொடுத்தாள். அவர் முழங்கை வரை தேய்த்தார்.

“இன்னொருக்கா ஊத்து.”

ஊற்றினாள்.

“கயிறு போட்ட மாட்டுக்கு ஓட்டைக்குள்ள காய்ப்பு காய்ச்சிருக்கும்,” என்றார் நஞ்சப்பன், ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. “வெரலு வழுக்கிக்கிட்டுப் போவும். இது பிசுரு பிசுரா நிக்குது. இன்னைக்கி நேத்து குத்துனது.”

தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது. அவர் நகரவில்லை.

“ஓட்டை இருக்குதுன்னு சொன்னேன். இருந்துது. இல்லாதத ஒண்ணும் நான் சொல்லல.”

“ஆமாங்ண்ணா.”

“பதினோரு வருசம் அதுக்கு எங்கையாலதான் தவுடு வெச்சேன்.” சோப்பை மறுபடி கையில் உருட்டினார். தூரத்தில் டிராக்டர் முக்கியது, நின்றது, திரும்ப முக்கியது. “ஊத்து.”

ஊற்றினாள். சொம்பு தீர்ந்தது.

“வெள்ளிக்கெழம எம் பொண்ணுக்கு முகூர்த்தம்,” என்றார். “உங்கூட்டுக்கு சாயங்காலமா வந்து முறையா வெக்கலாம்னு இருந்தேன். பத்திரிக அந்தப் பையிலதான் இருக்குது. எங்கை இப்ப அதத் தொடறாப்பல இல்ல. நீயே ஒண்ணு எடுத்துக்க.”

ராஜமேரி சொம்பைக் கீழே வைத்தாள். ஸ்கூட்டரிடம் போய் இடது கையைப் பைக்குள் விட்டாள்.

“நல்ல காரியம்மா,” என்றார் நஞ்சப்பன். “சோத்தாங்கையில எடு.”

அவள் இடது கையை வெளியே எடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பு சுற்றியிருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலைப்பைப் பிரித்தாள். தேய்த்துத் தேய்த்து விரல்கள் சிவந்து, கட்டைவிரலின் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பைக்குள் விட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்தாள்.

“குடும்பத்தோட வரணும்,” என்றார். “ஸ்தனிஸ கூட்டிக்கிட்டு வா. பந்தியில ஒக்காந்து கை நனைச்சிட்டுத்தான் போவணும்.”

“வர்றோங்ண்ணா,” என்றாள் ராஜமேரி.

அவர் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சோப்பை மறுபடி எடுத்தார்.